காலங்கடந்த சித்தாந்தங்களும் கற்கத்தக்கவையே

1948 முதல் ராணுவ வைத்தியர்களை உருவாக்கிவரும், புனே வானவடியிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியிலாயினும் சரி, நம் சென்னை, மதுரைக் கல்லூரிகளிலாயினும் சரி, மனோதத்துவ வகுப்பில் அமரும் மாணவன், ‘காலாவதியான கொள்கைகளை எதற்காகப் படிக்க வேண்டும்?’ என்று வினவுவது இயல்பே. நெட்டுருப்போடுவதற்காக எனில் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அவை எங்ஙனம் எழுந்தன, எவ்விடத்தில் இடறின என்பதை அறியாமல் ஒருவன் மனநோய்க்குச் சிகிச்சை செய்யப் புறப்படுவது பெரும் ஆபத்து என்பது என் திடமான அபிப்பிராயம்.

1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர், போர்முனையிலிருந்து வந்த மூன்று சிப்பாய்களின் நோயை ‘லான்செட்’ பத்திரிகையில் விவரித்து, ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை அச்சேற்றினார். முள்வேலியில் சிக்கித் தவிக்கையில் சுற்றிலும் பீரங்கிக் குண்டுகள் வெடித்ததால் பார்வை குறுகிப்போன இருபது வயது வாலிபன் அவர்களில் ஒருவன். மூவருக்கும் பார்வையோடு மணமும் சுவையும் ஞாபகமும் பழுதுபட்டன. வெடியின் அதிர்ச்சி நரம்புகளையே சிதைத்துவிட்டது என்பது அக்காலத்தில் பரவிய சித்தாந்தம். ஆனால் அவர்களுடைய செவிப்புலன் அநேகமாகப் பழுதின்றி இருந்ததென்று மையர்ஸ் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். பேரொலியோடு குண்டு வெடித்திருக்கக் காது கேட்கிறது, கண் மங்குகிறது! இந்த ஒரு வரியில் திகைத்து நின்று, நோயின் வேர் வெறும் அதிர்ச்சிதானா என ஐயுறும் மாணவன், பத்துப் பாடப்புத்தகங்கள் தரமுடியாத பயிற்சியைப் பெற்றுவிடுகிறான். பின்னர், வெடிக்கு அருகே போகாதவர்களுக்கும் அந்நோய் கண்டது. 1917இல் பிரிட்டிஷ் ராணுவமே அச்சொல்லின் உபயோகத்தைத் தடுத்தது.

இதற்கிடையே லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற வைத்தியர், வாயடைத்துப்போன சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்துக்கொண்டிருந்தார். நம் நீலகிரித் தோடர்களை ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்பவரோ, எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், அடக்கிவைத்த அனுபவத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்து அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். ஃப்ராய்டின் கொள்கையில் காமமே சகலத்துக்கும் மூலம் என்ற பகுதியை விலக்கி, நினைவை அமுக்குவதால் விளையும் தீங்கைப் பற்றிய பகுதியை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். அதே ஃப்ராய்டைக் கருவியாகக் கொண்டு, ராஞ்சி மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த பெர்க்லி-ஹில், 1921இல் இந்துக்களின் மதத்தையும் குணத்தையும் குழந்தைப்பருவ மலக்கழிப்போடு பிணைத்துக் கட்டுரை எழுதினார். ஒரே சித்தாந்தம் ஒருவர் கையில் மருந்தாகவும் மற்றொருவர் கையில் ஆளப்படும் ஜனங்களை இழிவுபடுத்தும் சாதனமாகவும் ஆனதை நம் மாணவர்கள் அறியவேண்டாமா? நாளை எல்லைப்புறத்து முகாமொன்றில், உறக்கமிழந்து கை நடுங்கும் ஒரு ஜவானைக் கோழை என்பதா, நோயாளி என்பதா என்று தீர்ப்பளிக்கப்போகிறவர்கள் அவர்களல்லவா?

ஆகையால், இக்கொள்கைகளைப் பெயரும் வருஷமுமாகச் சுருக்கிப் புகட்டும் வழக்கத்தை விட்டு, மையர்ஸின் அச்சிறு கட்டுரையை முழுமையாக வகுப்பிலே வாசிக்கச் செய்வதோடு, பரீட்சையிலும் அச்சித்தாந்தத்தை விவரிக்கும்படி கேளாமல், அதனோடு பொருந்தாத அடையாளம் எது, அதைக் கண்டபோது என்ன செய்திருக்கவேண்டும் என்று கேட்கும்படி பாடத்திட்டம் வகுப்போரை வேண்டுகிறேன்.