எனக்கு இப்படி ஒரு கிட்டார் வேண்டும்

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவில் கிட்டார் வாசித்த ஜெர்ரி கார்சியாவுக்கு ஒரு தொல்லை இருந்தது. காலடியில், ஒலியின் தன்மையை மாற்றும் எஃபெக்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு வாசிப்பவர் அவர். அவற்றில் சில, உள்ளே வரும் ஒலியின் பலத்தைப் பொறுத்து நடந்துகொள்ளும். பாட்டின் நடுவே கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும், சத்தம் குறைவதோடு எஃபெக்டின் குணமும் மாறிப்போகும். கலிஃபோர்னியாவில் டக் இர்வின் அவருக்காகச் செய்த ‘டைகர்’ கிட்டாரில் இதற்கு விடை இருந்தது. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்அப்பிலிருந்து கிளம்பும் ஒலி முழு பலத்தோடு பெட்டிகளுக்குப் போகும். அங்கிருந்து மறுபடி கிட்டாருக்கே வந்து, அதன் பிறகுதான் வால்யூம் குமிழைத் தொடும். சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் எஃபெக்ட் அப்படியே நிற்கும்.

கடையில் தொங்கும் எந்தக் கிட்டாரிலும் அந்த வசதியைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. தனிப் பட்டறை வைத்து, ஒருவர் இருவராகக் கிட்டார் செய்பவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது இந்த மாதிரிக் கதைகளைத்தான். வாசிப்பவர் தன் சிரமத்தைச் சொல்கிறார். செய்பவர் தன் வேலையில் அதற்கு வழி காண்கிறார். கிட்டாருக்கு ஆர்டர் கொடுக்க இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் பலர் பட்டறைக்குப் போவது மரத்தின் பெயரோடுதான். முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட்டில் வேண்டும் என்பார்கள். 1992 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 1960களின் கடைசியில், பிரேசில் அதைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான் அது. இன்றைக்கும் அதை இரண்டாம் தரம் என்று நினைக்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பிரேசில் மரம் கிடைக்காத குறைக்குத்தான் ஈட்டி என்று.

அவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஃபைல்ட் கிட்டார்ஸ் என்ற சிறு பட்டறையை நடத்தும் ரோஜர் பக்னல், லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆறு கிட்டார்கள் செய்தார். ஆறும் ஒரே அமைப்பு. முதுகுக்கும் பக்கங்களுக்கும் போட்ட மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு கிட்டார்களுக்கும் அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மரம் விற்கிறவரோ பத்திரிகைக்காரரோ இல்லாமல், அந்த மரங்களை வைத்தே பிழைக்கும் ஒரு கைவினைஞர் இதற்கு முன்வந்தார் என்பதால் எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை.

மரத்தில் என்ன இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடவும் கூடாது. சோதனை முதுகையும் பக்கங்களையும் பற்றியதுதான். மேற்பலகை வேறு விஷயம். ஸ்ப்ரூஸ் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு, இழைத்து, மூன்று மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் எங்கோ ஓரிடத்தில் செய்பவர் நிறுத்துகிறார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட ஒரே விறைப்பில் இருக்காது. ஆகவே அந்த அளவை ஆர்டர் தாளில் எழுதித் தர முடியாது. முதுகு மரத்தைக் கண்ணுக்குப் பிடித்தபடி வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கட்டும், அது அவர் பணம், அவர் ஆசை. மேற்பலகையின் கனத்திலும் அதன் அடியில் ஒட்டும் சட்டங்களிலும் அவர் தலையிட வேண்டாம்.

ஆசையைப் பெரிதாகச் சொல்வதற்குப் பயப்படவும் வேண்டாம். ஜாஸ் கலைஞர் பேட் மெத்தனி, கனடாவின் லிண்டா மேன்சரிடம், எத்தனை கம்பி முடியுமோ அத்தனை கம்பியோடு ஒரு கிட்டார் வேண்டும் என்று கேட்டார். இரண்டு ஆண்டு உழைத்து 1984இல் மேன்சர் முடித்துத் தந்த ‘பிகாஸோ’வில் 42 கம்பிகள், நான்கு கழுத்துகள், இரண்டு ஒலித்துளைகள். அத்தனை கம்பியையும் சுருதிக்கு முறுக்கினால் ஏறக்குறைய 450 கிலோ இழுவிசை மெல்லிய மரப்பெட்டியின் மேல் ஏறும். அதை உடையாமல் நிறுத்தினால் மட்டும் போதுமா? 42 கம்பியையும் வாசிப்பவர் பார்க்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டால் கிட்டாரின் முகம் எதிரே இருப்பவரைத்தான் பார்க்கும். மேன்சர் பெட்டியின் கனத்தை மாற்றினார். கை படியும் மேல்பக்கம் மெலிந்தும் தொடையில் அமரும் கீழ்ப்பக்கம் தடித்தும் ஆப்பு வடிவில் செய்ததும், கிட்டாரின் முகம் வாசிப்பவர் பக்கம் சாய்ந்தது. கைக்கும் இதமாக இருந்தது.

இப்படிச் சாய்த்துத் தா என்று மெத்தனி கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது இசைக்கு வேண்டியதை. அந்த ஆப்பு வடிவம் பிறகு ஆறு கம்பிக் கிட்டார்களுக்கும் வந்தது. வேறு பல பட்டறைக்காரர்களும் மேன்சர் பெயரைச் சொல்லியே அதைச் செய்து தருகிறார்கள். தோள் வலியோடு வாசிக்கும் எத்தனையோ பேருக்கு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத 42 கம்பி ஆர்டரால் ஒரு நிவாரணம் கிடைத்தது. எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த சம்பவம் இது.

காலம் பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கார்சியாவின் ‘டைகர்’ அவர் கைக்கு வந்து சேர ஆறு ஆண்டு ஆயிற்று. வர்ஜீனியா மாநிலத்தின் ரக்பி என்ற மலைக்கிராமத்தில் கிட்டார் செய்யும் வேய்ன் ஹெண்டர்சன், தபால்காரராக வேலை பார்த்தவர். எரிக் கிளாப்டன் அவரிடம் கேட்ட கிட்டாருக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் இரண்டு கையால் செய்கிற வேலை. பெரிய பெயரைச் சொல்லியோ கூடுதல் முன்பணம் கொடுத்தோ பசையைச் சீக்கிரம் காயவைக்க முடியாது. முன்பணம் வாங்கும்போதே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற பட்டறைகளைத்தான் நான் நம்புவேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாடிக்கையாளர் இன்னும் அதிகமாகத் தலையிட வேண்டும் என்று நினைக்கிறேன். கழுத்து. விரல்பலகையின் மேல்முனை அகலம் 43 மில்லிமீட்டரா 45ஆ என்று தாளில் எழுதிக் கொடுக்கிறோம். கட்டைவிரல் படியும் பின்பக்கத்தின் வளைவுக்கு அப்படி எளிய எண் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கை கண்டுபிடித்துவிடும். அரம் போட்டு எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை. எனவே கழுத்தைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு நிறுத்தி, கம்பி கட்டும் முன்பே வாசிக்கப்போகிறவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வர முடியாத தூரத்தில் இருந்தால், அவர் வருடக்கணக்காக வாசித்துப் பழகிய கிட்டாரை அனுப்பச் சொல்லி, அதன் கழுத்துக்கு அட்டையில் அச்சு எடுத்துக்கொள்ளலாம்.