ஐயாயிரத்துக்குக் கீழே சட்டம் இல்லையா?

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அவற்றின் இந்திப் பெயர்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அட்டவணையைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை சொல்வது இதுதான்: திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், சாதாரணத் திருட்டை இனி போலீஸார் தாமாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாது. புகாரின் சாரத்தை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவிடாமல் விசாரணை கிடையாது. பழைய சட்டத்தில் ஐந்து ரூபாய் திருட்டும் ஐந்து லட்சம் திருட்டும் போலீஸ் விசாரிக்க வேண்டிய குற்றங்களாகவே இருந்தன. அந்தச் சமத்துவத்தை ஒரே வரியில் அழித்தவர்கள், 5,000 என்ற எண்ணை எந்தக் கணக்கில் பிடித்தார்கள் என்பதை இன்றுவரை மக்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் நான்கு மாதத் தொகை 4,800 ரூபாய். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியின் மடியிலிருந்து அது மொத்தமும் போனாலும், இந்தச் சட்டத்தின் பார்வையில் அது போலீஸ் மெனக்கெட வேண்டிய காரியம் அல்ல.

இந்த 5,000 ரூபாய் வரம்பால் யாருக்கு லாபம் என்று பார்க்க, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடப்பதைப் பார்த்தால் போதும். காலை பதினொரு மணி, வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்ட நேரம். அழைப்பு மணி அடிக்கிறது. வந்தவர் நன்றாக உடுத்தியிருக்கிறார், முகத்தில் பதற்றம். "நான் பி பிளாக், மூணாவது மாடி ஆன்ட்டி. அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம், ஏடிஎம் கார்டு வேலை செய்யல. சாயங்காலம் கொண்டாந்து கொடுத்துடறேன்." எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது கீழே மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது. வாட்ச்மேன் பெயரை, கேட் அருகே இரண்டு நிமிடம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். கேட்பது 500, மிஞ்சினால் 2,000. ஒரு வீட்டில் ஐயாயிரம் கேட்டு மாட்டிக்கொள்வதைவிட, பத்து வீட்டில் ஐந்நூறு கேட்டு நழுவிவிடுவதே இந்தத் தொழிலின் சூட்சுமம். சில வேளை பணம்கூட கேட்பதில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அதை எடுக்க அந்த அம்மாள் உள்ளே போய்த் திரும்புவதற்குள் வாசலில் இருந்த செல்போனையும் காணோம், ஆளையும் காணோம்.

வாசலில் பணம் பறிப்பது மோசடி, அதற்கும் திருட்டுக்கான 5,000 ரூபாய் வரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஏட்டளவில் அவர்கள் சொல்வது சரி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. வேடம் போடப்பட்ட நபர் நிஜமானவரா கற்பனையா என்பதுகூட முக்கியமில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. பி பிளாக் மூன்றாவது மாடியில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்றாலும் குற்றம் குற்றம்தான். ஏமாற்றிப் பொருளைப் பறித்தால் 318(4)-ன் கீழ் ஏழு ஆண்டு வரை. வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 305-வது பிரிவு, அதற்கு மதிப்பு வரம்பே கிடையாது. ஆனால் எழுபது வயது அம்மாள் ஒருவர் இந்தப் பிரிவு எண்களைக் கையில் எழுதிக்கொண்டா காவல் நிலையம் போவார்? எந்தப் பிரிவு என்று முடிவுசெய்வது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். வெறும் ஏமாற்று என்று 318(2)-ல் அடக்கினால் அதுவும் போலீஸ் தாமாக விசாரிக்க முடியாத குற்றம். 319 மட்டும்தான் என்றால், வழக்குப் பதிவதற்கு முன்பு டிஎஸ்பி அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை என்ற புதிய வசதி இருக்கிறது. பல குடியிருப்புகளின் சிசிடிவி பதிவு அத்தனை நாள் தங்குவதே இல்லை. போலீஸ் தலையிடத் தேவையில்லாத தொகை என்று ஒன்று உண்டு எனச் சட்டமே சொல்லிவிட்ட பிறகு, "எவ்வளவும்மா போச்சு?" என்பதுதான் நிலையத்தின் முதல் கேள்வியாக இருக்கும். பதில் ஐந்நூறு என்றால் மிஞ்சுவது அறிவுரை. அதிர்ஷ்டமிருந்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது. விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது 2013-ல். அதைச் செயலுக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, அதிலிருந்து நழுவப் புது வாசல் திறந்திருக்கிறார்கள்.

நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கின்றன, பசிக்குத் திருடியவனைச் சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவை செய்யச் சொல்வது மனிதாபிமானம் அல்லவா என்பது அடுத்த வாதம். தண்டனையில் இரக்கம் காட்டியதில் நமக்கு மறுப்பே இல்லை. முதல் முறை தண்டிக்கப்படுபவர், திருடிய பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை என்பது வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் தண்டனையைக் குறைப்பது வேறு, விசாரணையையே கைகழுவுவது வேறு. விசாரிக்காமல் தண்டனை எப்படி வரும்? தண்டனை வராமல் சமூக சேவை எப்படி வரும்? முதல் முறை என்ற சலுகைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், இரண்டாம் முறை வருகிறவனை அடையாளம் காண ஆவணம் வேண்டும். ஒவ்வொரு புகாரும் ஒவ்வொரு நிலையத்துப் பதிவேட்டில் ஒரு வரியாக முடங்கிக் கிடந்தால், அண்ணாநகரில் ஐந்நூறு வாங்கியவனும் தாம்பரத்தில் ஐந்நூறு வாங்கியவனும் ஒரே ஆள் என்று யார் கண்டுபிடிப்பது? ஏமாந்த பத்துப் பேருக்கும் தலா ஒரு சிறு இழப்பு. ஏமாற்றியவனுக்கோ அது ஒரு மாதச் சம்பளம். சட்டம் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதைப் போட மறந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஐந்நூறை இணையத்தில் பறிகொடுத்தால் கூப்பிட 1930 என்று ஓர் எண் இருக்கிறது. வாசலில் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை.

இந்தச் சட்டங்களை வகுத்தவர்களுக்கு அவசரக் கோலம் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த மசோதாக்களை டிசம்பரில் அவர்களே திரும்பப் பெற்று, திருத்தி மீண்டும் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 146 எம்.பி.க்கள் இடைநீக்கமான கூட்டத்தொடரில், எதிர்க்கட்சியினரில் பெரும்பகுதியினர் வெளியே நிற்க, அவற்றை நிறைவேற்றினார்கள். விபத்து நடத்திவிட்டு ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு சிறை என்று 106(2)-வது பிரிவில் எழுதினார்கள். 2024 புத்தாண்டில் லாரிகள் நின்று பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டதும் அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். சட்டம் அமலான முதல் நாளில் புது டெல்லி ரயில் நிலையத்தருகே வழியை மறித்ததாக ஒரு தெருவோர வியாபாரி மீது எஃப்ஐஆர். பிறகு அதுவும் கைவிடப்பட்டது. தண்ணீர் பாட்டில் விற்பவர் மீது வழக்குப் போட முதல் நாளே ஆள் கிடைத்தது. தண்ணீர் கேட்டு வந்து செல்போனோடு போனவனைத் தேட மட்டும் ஆள் இல்லை. லாரிக்காரர்கள் சாலையை மறித்ததால் அவர்கள் குரல் உடனே கேட்டது. ஏமாந்த முதியவர்கள் எந்தச் சாலையை மறிப்பார்கள்?

கடைசியாக மிஞ்சுவது, முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறக்காதீர்கள் என்ற எச்சரிக்கை. லிஃப்ட் அருகே ஒட்டும் அந்தத் தாள் நல்லதுதான். ஆனால் அரசின் கடமையை அது ஈடுகட்டாது. பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும் இரவும் வரும். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 2024-ல் இந்தச் சட்டங்களை ஆராய ஒரு நபர் குழு அமைத்த மாநில அரசு, அட்டவணையின் இந்த 5,000 ரூபாய் வரியைக் கவனிக்காமல் விடக் கூடாது. தொகை எவ்வளவு சிறிதானாலும் புகார் விசாரணைக்குப் போக வழி பிறக்க வேண்டும், அதை எந்தத் திருத்தத்தால் செய்வது என்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் யோசிக்கட்டும். எளியவரின் ஐந்நூறு ரூபாயைத் தேடித் தராத சட்டத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்தால் மட்டும் அது நியாயம் ஆகிவிடாது.