துரை ஓட்டிய சைக்கிளா?

பதுளை, ஹாலி-எல, பசறைப் பக்கம் பழைய சைக்கிள் ஒன்று அகப்பட்டால் கூடவே ஒரு கதையும் வந்துவிடும்: வெள்ளைக்காரத் துரை ஓட்டியது, அசல் இங்கிலாந்துச் சாமான், லட்சக்கணக்கில் போகும். விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். கதையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சைக்கிளோடு வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

"றலி முத்திரை இருக்கிறது, ஆகவே இங்கிலாந்தில் செய்தது." முத்திரை இரண்டு சின்ன ஆணிகளில் நிற்பது. கழற்றி வேறொன்றில் மாட்டுவது பெரிய வேலையல்ல. முத்திரை அசலாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. 1950களிலேயே வங்காளத்து அசன்சோலில் சென்-றலி ஆலை றலி சைக்கிள்களைச் செய்தது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. தோற்றமும் சாட்சியாகாது: 1950இல் சீனாவின் தியான்ஜினில் வெளிவந்த 'பறக்கும் புறா' பழைய றலியைப் பார்த்துச் செய்ததுதான். ஹம்பர் சைக்கிளுக்கு மட்டும் ஓர் அடையாளம் உண்டு. முன் போர்க்கின் ஒவ்வொரு காலும் ஒற்றைக் குழாயல்ல, இணைந்தோடும் இரண்டு மெல்லிய குழாய்கள். முத்திரையைப் போல் அதை மாட்டிக் கழற்ற முடியாது. புரியாத எழுத்தைக் கண்டதும் ரஷ்யச் சைக்கிள் என்று முடிவுகட்டுவதும் அவசரமே. சோவியத் காலத்துக் கார்கிவ் ஆலையின் 'உக்ரைனா'வில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பின் சக்கரம் நிற்கும். ஹேண்டிலிலிருந்து பின் சக்கரம் வரை இரும்புக் கம்பி ஓடினால் அது வேறு வண்டி.

"பிரேமில் உள்ள இலக்கம் வருடத்தைச் சொல்லிவிடும்." றலி இலக்கங்கள் ஒரே வரிசையில் ஏறிப்போனவையல்ல. அவற்றை வைத்து மட்டும் வருடம் சொல்வது ஊகம். மூன்று கியர் வண்டி என்றால் நல்ல வழி ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பின் ஹப்பின் அழுக்கைத் துடையுங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயருக்கு அருகே 56 4 என்று பொறித்திருந்தால் அது 1956 ஏப்ரல். ஆனால் அது ஹப்பின் வயதுதான். சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம். ஹப், போர்க், செயின் கவர் மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம்.

"துரை காலத்துச் சாமான்." எந்தத் துரை காலம்? சுதந்திரம் 1948இல் வந்தது. கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது 1975இல். இடைப்பட்ட 27 வருடங்களும் துரைமார் காலம்தான். அதோடு, நமுனுகுல ஏற்றத்தில் ஒற்றைக் கியர் இரும்பு வண்டியை மிதித்துக்கொண்டு மலை பார்க்கப் போகும் துரையைக் கற்பனை செய்வது கடினம். அவருக்குக் குதிரையும் மோட்டார் சைக்கிளும் காரும் இருந்தன. டவுன் பக்கத்துத் தட்டையான ரோட்டில் சைக்கிள் வைத்துப் புழங்கியவர் கிளாக்கராகவோ வாத்தியாராகவோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவருடைய வண்டி என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது.

"உதிரிப்பாகம் கலந்திருந்தால் போலி." இது மறுபக்கத்துத் தவறு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்தது. கிடைத்த செயினையும் கிடைத்த பெடலையும் போட்டு ஓட்டினார்கள். ஒட்டுவேலை செய்த வண்டிக்குச் சேகரிப்பாளர் குறைவாகத்தான் கொடுப்பார். அதற்காக ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

"பெயின்ட் அடித்தால் விலை ஏறும்." இறங்கும். பழைய கறுப்பு எனாமலும் அதன்மேல் ஓடும் பொன்னிறக் கோடும் ஒருமுறை உரசிப் போனால் திரும்பாது. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். துரு பிரேமைத் தின்னத் தொடங்கியிருந்தால் மட்டுமே வேறு வழி தேட வேண்டும்.

"லட்சக்கணக்கில் போகும்." கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. 1950களின் தொடக்கத்தில் றலி ஆலை வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் செய்தது. அத்தனை செய்த ஒன்று பழையது என்பதாலேயே அரிதாகிவிடாது. விலையைத் தீர்மானிப்பவை நேரான பிரேம், அசல் போர்க், நசுங்காத செயின் கவர், கம்பி பிரேக், தோல் சீட். இவை எல்லாம் ஒன்றாக இருக்கும் வண்டிதான் அரிது.

அதனால் துரை பெயர் சொல்லி விலை கேட்பவரிடம் ரசீதோ, பழைய அனுமதிப்பத்திரமோ, படமோ உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. இல்லாவிட்டால் கண்ணெதிரே நிற்கும் வண்டிக்கு மட்டும் விலை பேசுங்கள்.