பனி காட்டிய இடம்

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த பனி இரண்டு. ஒன்று, மீன்பிடித் துறைமுகத்தில் உடைத்து மீன் பெட்டிகளில் கொட்டும் ஐஸ். மற்றது பனிமய மாதா. (உப்பளக் குவியல்களைப் பனிமலை என்று எண்ணி ரயில் சன்னலில் கை தட்டும் வெளியூர்க் குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை.) 1713இல் எழுந்த மாதா கோயிலின் பெயருக்குப் பின்னால் ஒரு ரோமாபுரிக் கதை உண்டு. நான்காம் நூற்றாண்டில், கடும் வெயில் அடிக்கும் ஆகஸ்டு மாதத்தில், எஸ்குயிலின் குன்றின்மேல் பனி பெய்து, கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியதாம். ஆகஸ்டு 5 திருவிழா அதன் நினைவுதான்.

பனியும் இடத்தேர்வும் சேர்ந்த இந்தக் கதையை எனக்கு நினைவூட்டியது, டொராண்டோவில் வாழும் பழைய மாணவி ஒருத்தியின் கடிதம். எட்டு வயது மகளுக்குப் பனிச்சறுக்கு, அதாவது ஐஸ் ஸ்கேட்டிங், பழக்க எங்கே அழைத்துப் போவது என்று வீட்டில் மூன்று நாள் விவாதமாம். மாநகர மண்டபத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கம் அழகானது. 1965இல் மண்டபத்தோடு திறக்கப்பட்டது. கோடையில் தடாகமாக இருப்பது குளிர்காலத்தில் சறுக்குதளமாகிவிடும். ஆனால் கூட்டம் அதிகம். தமிழர் மிகுந்து வாழும் ஸ்கார்பரோவில் ஆல்பர்ட் கேம்பல் சதுக்கத்தில் ஒரு தளம் உண்டு. அவை போக உறைந்த குளங்களும் ஏரிகளும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் தனியே இறங்கப் பனி 15 செ.மீ., கூட்டமாகச் சறுக்க 20 செ.மீ. தடித்திருக்க வேண்டும் என்கிறது கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம். மாநகராட்சித் தளங்களில் தரைக்கடியில் குழாய்களில் குளிர்த்திரவம் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை. பொதுச் சறுக்குக்குக் கட்டணமும் இல்லை. கடைசியில் அவள் ஸ்கார்பரோவைத் தேர்ந்தாள். காரணத்தையும் எழுதியிருந்தாள்: “மேடம், அங்கே ராத்திரி எட்டு மணிக்கும் நான் மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரலாம்.”

அவள் எதைத் தேர்ந்தாள் என்பதைவிட, தேர்ந்தெடுக்க அவள்முன் இத்தனை இருந்தன என்பதே என்னை உறுத்தியது.

பனிச்சறுக்கை வாழ்க்கைமுறையாகவே கொண்டிருந்த ஒரு கூட்டம் நம் முத்துக்கரையை ஆண்டிருக்கிறது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள்தாம் அவர்கள். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் என்ற ஓவியர் தம் நாட்டு உறைந்த வாய்க்கால்களைத் தீட்டிவந்தார். அவற்றில் பட்டுடை அணிந்த சீமாட்டியும் சுமை தூக்குபவனும் பிள்ளைகளும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். வழுக்கி விழுந்து கிடப்பவர்களும் உண்டு. பனிக்குப் பட்டா கிடையாது. பருவம் இரவல் தருகிறது, பருவமே திரும்ப வாங்கிக்கொள்கிறது. இப்போது இரவலும் அரிதாகிவிட்டது. பதினொரு நகரங்களைத் தொட்டு ஏறத்தாழ 200 கி.மீ. சறுக்கும் அவர்களுடைய பந்தயம், போதிய பனி உறையாமல், 1997க்குப் பிறகு நடக்கவில்லை. 1920 முதல் இயற்கைப் பனியை நம்பி இயங்கும் சிம்லாவின் திறந்தவெளித் தளத்திலும் சறுக்கும் நாட்கள் குறைந்துவருகின்றன.

நமக்கும் இத்தகைய இரவல் களங்கள் இருந்தன. அங்கே நீர் உறைந்து களமாகும். இங்கே நீர் வற்றிக் களமாகும். தருவை என்பது இந்த வட்டாரத்துச் சொல்: ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கி, வேனிலில் வற்றும் தாழ்ந்த நிலம். நகரத்தின் விளையாட்டுத் திடலை இன்றும் தருவை மைதானம் என்கிறோம். (வகுப்பில் பொருள் கேட்டேன். நாற்பது பேரில் இருவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சாத்தான்குளம் பக்கம்.) குளம் வற்றியதும், எந்த மூலையில் மண் இறுகியிருக்கிறது, எங்கே மேல் ஓடு காய்ந்து உள்ளே சேறாக இருக்கிறது என்று கால் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். அவர் காட்டிய இடத்தில்தான் ஸ்டம்பு ஊன்றுவார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் 15 செ.மீ. அளவுக்கும் அவர் பெருவிரலுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நான் கரையில் உட்கார்ந்து பார்த்தவள். பெண்பிள்ளைகள் இறங்கும் வழக்கமில்லை. ஆகவே அதைப் பொற்காலம் என்று எழுத என் பேனா மறுக்கிறது.

இன்று தாழ்நிலங்கள் பலவற்றில் வீடுகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. கடல் மிச்சமிருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கி.மீ. நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் பெருந்துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம். எல்லாம் ஊருக்குச் சோறு போடுபவை. குறை சொல்ல மாட்டேன். வான் தீவு முதலிய தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அங்கே மனிதர் காலடி படாதிருப்பதே நல்லது. இவை போக, கடலருகே குழந்தையோடு போக என்ன இருக்கிறது? முத்துநகர் கடற்கரை, துறைமுகக் கடற்கரை, ரோச் பூங்கா, காணும் பொங்கலுக்கு முயல் தீவு. ஒரு கை விரல்கள் மிச்சம்.

2008இல் மாநகராட்சியாகி, 2017இல் திறன்மிகு நகரப் பட்டியலிலும் சேர்ந்த ஊர் இது. பூங்காக்கள் வந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் இடம் பார்க்கும்போது எத்தனை ஊஞ்சல், எத்தனை செயற்கை நீரூற்று என்றுதான் பேசுகிறோம். என் மாணவியின் கேள்வியை யாராவது கேட்டால் போதும்: இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் மகளோடு தனியே இங்கே வர முடியுமா? விளக்கு எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும். டொராண்டோவைப் போலத் தரைக்கடியில் குழாய் பதிக்க வேண்டியதில்லை. கரை ஏற்கெனவே இருக்கிறது.

மாதா திருவிழாவுக்கு மகளோடு வருகிறாளாம். அந்தச் சின்னவளை மாலையில் எங்கே விளையாட விடலாம் என்று கேட்டிருந்தாள். முத்துநகர் கடற்கரை என்று பதில் எழுதினேன். அனுப்பும் முன் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: ஆறரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.