எல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறோம்

தொலைக்காட்சித் திரையின் அடியில் நிற்காமல் ஓடுகிறதே ஒரு வரி, அதை எழுதுவதற்கென்று ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சென்னையில் ஒரு செய்திச் சேனலில் சில வருடங்கள் அந்த ஆள் நான்தான். எங்கள் பேச்சில் அதற்கு ‘ஸ்க்ரோல் டெஸ்க்’ என்று பெயர். இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது, காபி உண்டு.

எதிர்ச் சுவரில் போட்டிச் சேனல்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றில் பிரேக்கிங் செய்தியின் சிவப்பு அட்டை விழுந்தால் போதும், “அவங்க போட்டுட்டாங்க, நம்மளது எங்கே?” என்று பொறுப்பாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். உண்மையா என்று யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்பார்கள், இரண்டாவதாக. மாவட்ட நிருபருக்கு போன் அடித்து அவர் எடுப்பதற்குள் எங்கள் அட்டையும் போயிருக்கும். தவறு என்று தெரிந்தால் வரியை எடுத்துவிடுவோம். அவ்வளவுதான். பத்திரிகையில் அச்சானது மறுநாள் பஜ்ஜி மடிக்கவாவது மிஞ்சும். ஸ்க்ரோலில் ஓடியது எங்கும் மிஞ்சாது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் என் மாமனாருக்குப் பரம திருப்தி. “பார்த்தியாம்மா, நான் அப்பவே சொல்லல?” என்பார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். செய்திச் சேனல் எதையும் நம்பமாட்டார். இது அந்தக் கட்சிக்காரன் சேனல், அது இந்த முதலாளியோடது, மற்றது டெல்லிக்குப் பயந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப்பத்திரிகை வைத்திருக்கிறார். பாதி சரியாகவும் இருக்கும். ஆனால் காலையில் ரிமோட்டைக் கையில் எடுத்தால் இரவு படுக்கும்வரை ஓடுவது அதே சேனல்கள்தான்.

நம்பிக்கை போனால் பார்ப்பதும் குறைய வேண்டும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் கடையை மாற்றுகிறோம் இல்லையா? செய்தியில் அது நடக்கவில்லை. அவர்கள் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பதற்காகவே உட்கார்ந்து பார்க்கிற ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. சேனலுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. நம்பிப் பார்க்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, திட்டிக்கொண்டே பார்க்கிற வீட்டுக்கு வேறு கணக்கு என்று ரேட்டிங்கில் கிடையாது.

அவநம்பிக்கை சும்மா வரவில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் 2016 டிசம்பர் 5ஆம் தேதியைச் சொல்வார்கள். அன்று மாலை சில தமிழ்ச் சேனல்கள் முதல்வர் ஜெயலலிதா காலமானார் என்று அறிவித்தன. ராயப்பேட்டை கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அவர் சிகிச்சை பெற்றுவந்த மருத்துவமனை மறுத்ததும் மறுபடி மேலே ஏறியது. நள்ளிரவு கடந்த பிறகுதான், இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக அதிகாரபூர்வமான அறிக்கை வந்தது. சேனல்களை ஊரே காறித் துப்பியது. துப்ப வேண்டியதுதான்.

ஆனால் அந்த மாலையை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அவர் அனுமதிக்கப்பட்டதிலிருந்து 75 நாட்கள், ஒரு புகைப்படம்கூட வெளியே வரவில்லை. உடல்நிலை தேறுகிறது என்று அறிக்கைகள் வந்தன. அம்மா இட்லி சாப்பிட்டார் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே, இட்லி சாப்பிட்டார் என்றதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று மேடையில் பேசினார். 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை, சாட்சியங்களின்படி இறந்த நாள் டிசம்பர் 4 என்றே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகு ஒருவர் ‘எவனையும் நம்பமாட்டேன்’ என்றால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் மறைத்தார்கள். வெளியே நின்ற நாங்கள் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாமல் கேமராவைக் காட்டிக்கொண்டே இருந்தோம். அந்த மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் சாலையில் வரிசையாக நின்ற நேரலை வண்டிகள் மக்களுக்கு எதைக் காட்டின? ஒரு கேட்டை. அந்த கேட் வழியாக உள்ளே போன கார்களை.

செய்தி ஒன்றும் இல்லாதபோதும் நேரலை நடக்கும், இன்னும் சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாக நடக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த நாட்களில். ஒரு விஷயம் முடிந்துவிட்டால் ஆள் சேனலை மாற்றிவிடுவார். இதோ, இன்னும் சற்று நேரத்தில் என்றால் இருப்பார்.

மூன்று வருடம் கழித்து, 2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாலை உடலை எடுக்கும்வரை தமிழ்நாடு கண்ணை எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் மாமனார் வீட்டில் தீபாவளிப் பலகாரம் அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை இரவு தூத்துக்குடியில், அந்த மீட்புப் பணியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், அதே வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தது. அந்தப் பெற்றோரைப் பற்றி அன்று சமூக வலைதளங்களில் எழுதப்பட்டதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. மாநிலமே செய்துகொண்டிருந்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்காகத் தவித்ததைத் தவிர அவர்கள் மேல் என்ன குற்றம்?

அந்த நான்கு நாளும் ஸ்டூடியோவில் பேச ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும், யார் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. எந்த ஊராட்சியில் எத்தனை கிணறு இன்னும் வாய் திறந்து கிடக்கிறது என்று பார்த்துவர ஒரு நிருபரை ஒரு வாரம் அலையவிட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். விவாதத்துக்கு நான்கு பேர், அவர்களுக்கு கார், ஆளுக்கு ஒரு டீ. எது மலிவு என்று நிர்வாகத்துக்குத் தெரியாதா?

ரேட்டிங் கதையும் வேடிக்கையானதுதான். நாட்டில் ஏறத்தாழ 20 கோடி வீடுகளில் டிவி இருந்த 2020இல், ரேட்டிங்கைக் கணக்கிடும் பார்க் நிறுவனத்தின் அளவீட்டுக் கருவி இருந்தது சுமார் 44,000 வீடுகளில். வியாழக்கிழமைதோறும் எண் வரும். அன்று அலுவலகத்தில் யாரிடமும் விடுப்பு கேட்கக் கூடாது என்பது எழுதாத விதி. அந்த ஆண்டு அக்டோபரில், கருவி வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்து சேனல் பார்க்க வைத்ததாக மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களுக்கான ரேட்டிங்கை பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. இடைப்பட்ட ஒன்றரை வருடத்தில் கத்தல் குறைந்ததா? என் காதுக்குக் குறையவில்லை. யூடியூப் நேரலையில் இந்த நிமிடம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் திரையிலேயே தெரிகிறதே, அது போதும். வியாழன்வரை காத்திருக்கிற வேலைகூட மிச்சம்.

இத்தனையும் பார்ப்பவருக்கு என்ன செய்கிறது? எங்கள் வீட்டையே சொல்கிறேன். எங்கோ நடந்த சங்கிலிப் பறிப்பின் சிசிடிவி காட்சி வந்தால், அதை நாங்கள் லூப்பில் போடுவோம். பத்து நொடிக் காட்சி, பின்னணியில் ஒரு திகில் இசை, திரும்பத் திரும்ப. எழுதும் எங்களுக்கு அது ஒரு திருட்டு. நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பவருக்கு நாற்பது திருட்டு. மாமனார் இப்போது இருட்டுமுன் வெளிக்கேட்டைப் பூட்டிவிடுகிறார். அத்தை கோயிலுக்குப் போவதென்றால் சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்.

“நம்ம தெருவுல இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே மாமா” என்றேன்.

“நடக்காம இருக்குமா? இவனுங்க மறைக்கிறானுங்கம்மா” என்றார்.

சேனல் காட்டியதைப் பார்த்துப் பயம். சேனல் காட்டாததை நினைத்து இன்னும் பயம். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் 1970களிலேயே இதைத்தான் ஆராய்ந்தார். அதிகம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிட ஆபத்தானதாகத் தெரிகிறது என்றார். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஆய்வு அதைவிட ஆச்சரியமானது. அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன உளைச்சல் இருந்தது.

டிவியை நம்பாதவர் எதையும் நம்பாமல் இருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. மாமனாரின் நடைப்பயிற்சி வாட்ஸாப் குழுவில் வருவதற்கு இந்த விசாரணை எதுவும் கிடையாது. “டிவிக்காரன் போடமாட்டான், இதுல போட்டிருக்கான் பாரு” என்பதுதான் அதற்கான சான்றிதழ். 2018இல், பிள்ளை பிடிக்க வடமாநிலக் கும்பல் வந்திருக்கிறது என்று இப்படித்தான் ஒரு செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. மே மாதம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். நாடெங்கும் இப்படி நடந்த பிறகுதான் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸாப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமில்லாத வீடியோக்களை ஒட்டி வடக்கே பரப்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்தது. நமக்கெல்லாம் என்ன கோபம்! எங்கள் குடியிருப்புக் குழுவில் அன்று பொங்கியவர்களில் சிலர், 2018இல் அந்தப் பிள்ளை பிடிக்கும் செய்தியை எனக்கு அனுப்பியவர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள், தண்ணீர் லாரி வரும் நேரம் அதில்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் இப்படியா என்று ஏங்குகிறவர்களுடன் நான் பாதி தூரம்தான் வருவேன். காலை 7.15க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணிச் செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வரும். சில நிமிடங்களில் செய்தி முடிந்துவிடும். அப்பா சைக்கிளை எடுப்பார். செய்திக்கு ஒரு முடிவு இருந்தது, அது பெரிய விஷயம். ஆனால் 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டபோது, அவர் இறந்ததை அதே ஆகாசவாணி மாலைவரை சொல்லவில்லை. பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் ஒற்றைக் குரல் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். செய்தி முடிகிற பழக்கம் மட்டும் திரும்பி வரட்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, ஒரு சமையல் நிகழ்ச்சியோ பழைய படமோ போடலாம். மக்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சேனல்களிடம் நான் கேட்பது இன்னும் ஒன்று உண்டு. தவறான செய்தியை அழித்துவிட்டு நகர்வதை நிறுத்துங்கள். எந்தச் சிவப்பு அட்டையில், எவ்வளவு நேரம், எந்த இசையோடு அது ஓடியதோ, அதே அட்டையில், அதே நேரம், அதே இசையோடு திருத்தமும் ஓடட்டும். “நாங்கள் மாலை சொன்னது தவறு” என்று முழுத்திரை எழுத்தில். இதை நான் வேலையில் இருந்தபோதே கேட்டேன். ரேட்டிங் போய்விடும் என்றார்கள். யாராவது ஒரு சேனல் ஒரே ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். எவ்வளவு போகிறது என்றுதான் வியாழக்கிழமை தெரிந்துவிடுமே.