பெயர்ப் பட்டியலுக்குக் கெடு விதிக்கலாமா?

ஷார்ப்வில் படுகொலையில் இறந்தவர்கள் 69 பேர் என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்கக் காவல் நிலையம் ஒன்றின் எதிரே, ‘பாஸ்’ சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்கள் மீது போலீஸார் சுட்டார்கள். சொந்த மண்ணில் நடமாடுவதற்கே கறுப்பினத்தவர் ஒரு சிறு புத்தகத்தைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வரலாற்றாய்வாளர்கள் நான்சி கிளார்க்கும் வில்லியம் வோர்ஜரும் அந்தக் கால ஆவணங்களைத் துருவி, இறந்தவர்கள் குறைந்தது 91 பேர் என்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக 22 பேர் கணக்கில் வராமலே கிடந்திருக்கிறார்கள். சுட்டவர்களே எண்ணிச் சொன்ன கணக்கை உலகம் அப்படியே எழுதிக்கொண்டதன் விளைவு இது.

நிறவெறி ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் பெயர்களை யார் எழுதினார்கள், எழுதுவதை யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நீதி கிடைத்ததும் கைநழுவியதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைந்தது என்பது என் கருத்து.

முதலில் எழுதியவர்கள் பெற்றோர்கள். 1981இல் ஜோகன்னஸ்பர்க்கில் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் விசாரணையின்றிச் சிறைபிடிக்கப்பட்டபோது, தங்கள் மகனும் கைதான மேக்ஸ் கோல்மன், ஆட்ரி கோல்மன் தம்பதியர் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து ‘தடுப்புக் காவலில் உள்ளோரின் பெற்றோர் ஆதரவுக் குழு’வைத் தொடங்கினார்கள். கறுப்பினப் பெற்றோரும் வெள்ளையினப் பெற்றோரும் ஒரே அறையில் தேநீர் குடித்தபடி உட்கார்ந்தார்கள். அந்த நாட்டில் அதுவே அன்று அபூர்வம். யார் கைதானார், எந்தத் தேதியில், எந்தச் சட்டப் பிரிவில், எந்தச் சிறையில் என்று குறித்துக்கொண்டார்கள். விடுதலையானவர்களிடம் சித்திரவதை பற்றி வாக்குமூலம் வாங்கினார்கள். 1986இல் நெருக்கடி நிலை வந்தபோது, அரசு அறிவிக்காத கைதிகளின் பெயரை வெளியிடுவதே குற்றமாக்கப்பட்டது. 1988 பிப்ரவரியில் அந்தக் குழுவின் செயல்பாட்டுக்கும் தடை வந்தது. பெற்றோர்களிடம் ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு பெயர்ப் பட்டியலைக் கண்டு அரசு இவ்வளவு அஞ்சியது.

தடைக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. அதே ஆண்டில் மனித உரிமைகள் ஆணையம் என்ற பெயரில் தன்னார்வ அமைப்பு ஒன்று உருவாகி, பதிவைத் தொடர்ந்தது. பின்னர் மேக்ஸ் கோல்மன் தொகுத்த நூலில் அந்தக் கணக்கு வந்தது: நிறவெறி ஆட்சிக் காலத்தில் அரசியல் வன்முறைக்குப் பலியானவர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் சுமார் 14,000 பேர் இறந்தது 1990க்கும் 1994க்கும் இடையில். மண்டேலா விடுதலையாகி, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ‘அமைதியான மாற்றம்’ என்று உலகம் மெச்சியதன் மறுபக்கத்தை இந்தக் கணக்கு இல்லாவிட்டால் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அப்போதே எழுதி வைத்ததன் அருமை பிறகுதான் தெரிந்தது. மருத்துவரும் தொழிற்சங்கவாதியுமான நீல் ஆகெட், 1982 பிப்ரவரி 5 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் தலைமையகத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான், தன்னை அடித்ததையும் மின்சாரம் பாய்ச்சியதையும் அவர் ஒரு பெண் காவலரிடம் வாக்குமூலமாகத் தந்திருந்தார். யார் மீதும் குற்றமில்லை என்று அன்றைய விசாரணை முடிந்தது. 2022இல் மறுவிசாரணை நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. அதே கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து 1971இல் விழுந்து இறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர் அகமது திமோலின் வழக்கும் இப்படித்தான். 1972இல் ‘தற்கொலை’ என்றார்கள். விழுவதற்கு முன்பே ஏற்பட்ட காயங்களை உடற்கூறாய்வுப் பதிவுகளைக் கொண்டு நிபுணர்கள் சுட்டிக்காட்ட, 2017இல் நீதிபதி பில்லி மோட்லே அதைக் கொலை என்று தீர்ப்பளித்தார். காகிதம் மிஞ்சியதால் உண்மையும் மிஞ்சியது.

காகிதத்தின் வலிமையை நிறவெறி அரசும் நன்றாகவே அறிந்திருந்தது. 1993இல், ஆட்சி கைமாறப்போகிறது என்று தெரிந்த நிலையில், தேசிய உளவுத் துறையின் தலைமையகம் மட்டும் ஆறு முதல் எட்டு மாதங்களில் சுமார் 44 டன் ஆவணங்களை அழித்தது. உருக்காலை உலையில் போட்டு எரித்தார்கள்! ஆனாலும் எல்லாவற்றையும் எரிக்க முடியவில்லை. 1960க்கும் 1990க்கும் இடையில் சுமார் 130 அரசியல் கைதிகள் தூக்கிலிடப்பட்டார்கள். உடலைக்கூடக் குடும்பத்திடம் தராமல் பெயரில்லாத குழிகளில் புதைத்தார்கள். 2005இல் அமைக்கப்பட்ட காணாமல்போனோர் தேடல் குழு சிறைப் பதிவேட்டையும் இடுகாட்டுப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு குழியாக அடையாளம் கண்டு எலும்புகளை வீட்டாரிடம் ஒப்படைத்துவருகிறது. யாரோ ஒரு எழுத்தர் கடமைக்கு எழுதிய குழி எண், பல பத்தாண்டுகள் கழித்து ஒரு தாய்க்குத் தன் மகனைத் திருப்பித் தந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை மதிப்பிட வேண்டும். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை தொடங்கியபோது, அதன் தலைவரான பேராயர் டெஸ்மண்ட் டூட்டு மேசையில் தலை கவிழ்த்து அழுத காட்சி உலகுக்கே தெரியும். அந்தக் கண்ணீர் உண்மையானது. அறைக்கு வெளியே நடந்ததையும் பார்க்க வேண்டும். ஆணையம் 21,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. வாக்குமூலம் வாங்கும் படிவம் நாளாக ஆகச் சுருங்கியது. ஒரு தாய் மூச்சு விடாமல் சொன்ன கதை, ‘யார், யாரை, எப்போது, என்ன செய்தார்’ என்ற கட்டங்களாக உடைக்கப்பட்டது. கணினிக்கு அது தேவைதான். கட்டங்களுக்குள் அடங்காத துயரம் வெளியே நின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய குறை, பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறை. கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான வதை ஆகிய நான்குக்கு ஆளானவர்களை மட்டுமே ஆணையம் கணக்கில் எடுத்தது. 1960க்கும் 1983க்கும் இடையில் சொந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 35 லட்சம் பேர் அதில் இல்லை. ‘பாஸ்’ புத்தகம் இல்லாததற்காகச் சிறை சென்ற லட்சோபலட்சம் மக்களும் இல்லை. அறிஞர் மஹ்மூத் மம்தானி இதை அன்றே கண்டித்தார். அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். இனஒதுக்கல் என்பது சில காவலர்களின் அத்துமீறல் அன்று. அது நாட்டின் சட்டம்.

பிறகு, கெடு. 1997 டிசம்பருக்குள் வாக்குமூலம் தந்தவர்களுக்கு மட்டுமே பட்டியலில் இடம். தொலைதூரக் கிராமத்தில் இருந்தவர், பயந்தவர், செய்தியே எட்டாதவர் எல்லாரும் வெளியே. ஆணையம் பரிந்துரைத்தது ஆறு ஆண்டுகளுக்கான ஆண்டு உதவித்தொகை. 2003இல் அரசு அறிவித்ததோ ஒரே தவணையாக 30,000 ராண்ட். அதுவும் மூடிய பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். ‘குலுமானி’ என்ற பாதிக்கப்பட்டோர் அமைப்பு பட்டியலைத் திறக்கும்படி தொடர்ந்து கேட்டுவருகிறது. ‘குலுமானி’ என்றால் ‘பேசுங்கள்’ என்று பொருள்.

பட்டியலை முடிவில்லாமல் திறந்து வைத்தால் போலிகள் நுழைவார்கள், கருவூலம் தாங்காது என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆனால், இழப்பீட்டுக்கென்றே வைத்த நிதியில் நூறு கோடி ராண்டுக்கும் மேல் செலவாகாமல் கிடக்கிறது. பதிவு வேறு, காசோலை வேறு. பணம் தர முடியாவிட்டாலும் பெயரை எழுத முடியும். சரிபார்க்கும் வழிகளையும் அந்த நாடு நன்கு அறியும். தாமதத்தின் விலையையும் அது அறியும்: ஆணையம் அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைத்த நூற்றுக்கணக்கான வழக்குகள் ஏன் தூங்கின என்று விசாரிக்க 2025இல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். பல வழக்குகளில் குற்றவாளிகளும் சாட்சிகளும் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டூட்டுவின் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த யாஸ்மின் சூகா, இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் குறித்து ஐ.நா. பொதுச்செயலர் 2010இல் அமைத்த மூவர் குழுவிலும் இருந்தார். பிறகு காணாமல் ஆக்கப்பட்ட தமிழர்களின் பெயர்களைத் திரட்டும் பணியிலும் ஈடுபட்டார். வடக்கிலும் கிழக்கிலும் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரின் கையில் உள்ள பெயர்கள், எந்த அரசு ஆணையத்தின் கெடுவுக்காகவும் காத்திருக்கக் கூடாது. உறவினர்கள் உயிரோடு இருக்கும்போதே அவை எழுதப்பட வேண்டும்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் குலுமானி அமைப்பைச் சேர்ந்த முதியவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஜோகன்னஸ்பர்க்கில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் வாசலில் போய்ப் படுத்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே குளிரிலும் மழையிலும் கிடந்தார்கள். அந்த நீதிமன்றம் நிற்பது ஒரு பழைய சிறை வளாகத்தில். ‘பாஸ்’ புத்தகம் இல்லாத கறுப்பினத்தவரை அடைத்துவைத்த சிறை அது. இடித்த செங்கற்களைக் கொண்டே நீதிமன்றத்தின் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். வாசலில் படுத்திருந்தவர்களில் பலரின் பெயர்கள் அரசின் பட்டியலில் இல்லை.