ஈசல் வராத இரவு

மாரியின் முதல் மழை விழுந்த இரவில் கல்முனை வீடுகளில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதும், உம்மாமார் அதன் கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பதும் வழக்கம். சிறகு முளைத்த கறையானே ஈசல். இத்தொல்லையை நம்பி உயிர்வாழும் பிராணிகளும் உலகில் உள.

ஆங்கில அகராதியைத் திறக்கும் பிள்ளைகள் முதற்பக்கங்களிலேயே 'ஆர்ட்வார்க்' என்னும் ஆபிரிக்க விலங்கைக் காண்பர். 'மண்பன்றி' என்பது பொருள். கழுதைக் காதும் பன்றி மூக்குமாக, எல்லாம் இரவல் வாங்கி வந்தாற்போன்ற தோற்றம். ஆயினும் பன்றி இனமன்று. பகலெல்லாம் வளையில் உறங்கி, இரவில் எறும்பும் கறையானும் தின்பது. அது விட்டுச் சென்ற வளைகளில் வேறு பல பிராணிகள் குடியேறும்.

தென்னாபிரிக்கக் கலகாரியில் 2012–2013 கோடையில் மழை பொய்த்தது. அங்கே சில மண்பன்றிகளின் உடலுக்குள் சிறு வெப்பமானிகளைப் பொருத்தி ஆராய்ந்துகொண்டிருந்தனர் விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார். மழையின்றிப் புல் இல்லை. புல்லின்றிக் கறையான் இல்லை. பட்டினியால் உடற்சூட்டைக் காக்க இயலாது, இராப்பிராணி பகலில் வெளிவந்து வெயில் காய்ந்தது. இறக்கும் தறுவாயில் உடல்வெப்பம் 25 பாகை வரை தாழ்ந்தது. ஆராயப்பட்டவற்றுட் பெரும்பாலானவை மாண்டன. கொன்றது வெயிலன்று, பசி! பூமி சூடேறுகிறது என்றதும் நாம் வியர்வையைத்தான் நினைக்கிறோம்.

நம் நாட்டில் இதே தொழில் செய்வது அழுங்கு. மண்பன்றிக்கு உறவன்று, உணவு மட்டுமே ஒன்று. பல் இல்லை, ஒட்டும் நீள்நாவே ஆயுதம். பெரும்பாலும் ஒரே குட்டி. அது தாயின் வாலில் ஏறிச் சவாரி செய்யும். செதில்கள் நம் நகத்தின் பொருளாலானவை. அவற்றை மருந்தென்று விலைகொடுத்து வாங்குவோர், தம் நகத்தையே அரைத்துக் குடித்தாற் செலவாவது மிஞ்சும். 2016ஆம் ஆண்டு ஜொகனஸ்பேர்க் மாநாட்டில் அழுங்கின் எட்டு இனங்களுக்கும் சர்வதேச வணிகத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டமும் அதனைக் காக்கிறது.

ஆனால் மழையைச் சட்டம் கொணராது. 2016 இறுதியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்து, பெரும்போக வேளாண்மை வீழ்ந்ததை நம் கமக்காரர் மறந்திரார். நெல்லுக்கு நட்டஈடு பற்றிப் பேசினோம்; புற்றுக்குள் என்ன நேர்ந்ததென்று யார் பார்த்தார்? கலகாரியின் கணக்கு நம் உலர்வலயக் காடுகளுக்கும் பொருந்துமென்றே அஞ்சுகிறேன்.

வரட்சியில் வயல் வாடியருகே உருண்டு கிடக்கும் அழுங்கைக் கண்டால், சாக்கைத் தேடாதீர்கள். நாயைக் கட்டிவிட்டு, ஒளியை அணைத்து, அப்பால் விலகி நில்லுங்கள். சற்று நேரத்தில் மூக்கு வெளிவரும். பிறகு தானே நடந்து போய்விடும்.